நீலகிரியில் வீட்டுத் தோட்டம் போட, இயற்கை விவசாயம் பற்றி எந்தப் புத்தகங்களைப் படிக்கலாம்?

கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் நடுவில் எட்டு சென்ட் இடத்தோடு வீடு வாங்கியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வேண்டிய காய்கறியை மருந்தடிக்காமல் விளைவிக்க ஆசை. என்ன படிக்கலாம், தமிழில் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள்.

நானும் இதே மலையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் காய்கறி போடுகிறவன்தான். நமக்கு உள்ள சிக்கல் என்னவென்றால், தமிழில் வரும் இயற்கை விவசாயப் புத்தகங்கள் பெரும்பாலும் சமவெளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலப் புத்தகங்களில் கேரட், பட்டாணி, முட்டைக்கோஸ் எல்லாம் நம் தோட்டத்தைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். ஆனால் அவர்கள் ஊர் வெயில் வேறு, நம் ஊர் வெயில் வேறு. அதனால் எந்தப் புத்தகத்திடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

மண்ணைப் பற்றி ஆல்பர்ட் ஹோவர்டிடம் கேளுங்கள். 1940இல் வந்த 'ஆன் அக்ரிகல்ச்சுரல் டெஸ்டமென்ட்'. ஆள் இங்கிலாந்துக்காரர், பாடம் படித்தது இந்தியாவில். சருகு, பயிர்க்கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், கொஞ்சம் சாம்பல் என்று அடுக்கி, காற்று போகும்படி புரட்டிவிட்டு, மூன்று மாதத்தில் மட்காக்கும் இந்தூர் முறையை அவர் விளக்குவது போல வேறு யாரும் விளக்கி நான் படித்ததில்லை. மழைக்காலத்தில் குழி வேண்டாம், தரைக்கு மேல் குவியுங்கள் என்பதும் அவர் சொன்னதுதான். தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிப் பெய்யும் நமக்கு இது முக்கியம். மூன்று மாதக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம், இங்கே குளிரில் இன்னும் இழுக்கும்.

அந்தப் புத்தகத்தில் நம் குன்னூரும் வரும். ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918 முதல் குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்தவர். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று சாப்பிட்ட 'சீக்கிய' எலிகள் முதலிடம். நம் சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு கடைசி. சாணம் போட்ட நிலத்துத் தானியத்துக்கும் மற்றதற்கும் சத்தில் வித்தியாசம் உண்டா என்றும் சோதித்தார். மண் நலம், பயிர் நலம், மனித நலம் மூன்றையும் ஒரே சரடில் கோக்க ஹோவர்டுக்கு இந்த ஆய்வுகள் கைகொடுத்தன. அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். உலகத்து இயற்கை விவசாய இயக்கத்தின் வேர் ஒன்று குன்னூரில் இருக்கிறது என்பது இங்கே இருக்கிற பலருக்கே தெரியாது.

அடுத்து, குளிர். எலியட் கோல்மனின் 'தி விண்டர் ஹார்வெஸ்ட் ஹேண்ட்புக்' (2009) அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பனிக்காலத்திலும் கீரையும் கேரட்டும் எடுப்பவர் எழுதியது. பகல் வெளிச்சம் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால் செடி ஏறக்குறைய வளர்வதையே நிறுத்திவிடும் என்கிறார். ஊட்டியில் டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டி இருக்கும். அதாவது வெளிச்சம் நமக்குத் தடையே இல்லை, உறைபனி ஒன்றுதான் தடை. வளைவுக் குச்சி நட்டு மெல்லிய துணி போர்த்தும் அவர் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இங்கே பூங்காக்களில் உறைபனிக்கு மிலார் செடிக் கொத்துகளை வைத்து மூடுகிற அதே வேலைதான். குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும், ஆகவே பாத்தியை மேட்டில் வையுங்கள்.

பகல் நேரம் இன்னொரு வகையிலும் கவிழ்க்கும். ஜூனில் லண்டனில் பகல் பதினாறரை மணிக்கு மேல். நமக்குப் பன்னிரண்டே முக்கால். பதினான்கு மணி வெளிச்சம் கேட்கும் ஐரோப்பிய வெங்காய ரகங்களை ஆன்லைனில் வாங்கி விதைத்தால் தழை தழையாக வரும், கிழங்கு வைக்காது. இங்கிலாந்துத் தோட்டப் புத்தகங்களின் மாதக் காலண்டரைக் கிழித்துவிட்டு, பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) கார்போகம், கடைபோகம் என்ற இந்த ஊர்ப் பருவங்களுக்கு எப்போது விதைக்கிறார்கள் என்று பாருங்கள்.

எந்தப் புத்தகமும் நமக்காகப் போதுமான அளவு சொல்லாத விஷயம் புளித்த மண், அதாவது அமிலத்தன்மை கூடிய மண். நம் மலையில் அந்தப் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5 என்பது சர்வ சாதாரணம். தேயிலைக்கும் உருளைக்கும் அது பிடிக்கும். கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் போட்டால் வேர் முண்டு முண்டாக வீங்கி, வெயில் நேரத்தில் செடி வாடும். கிளப் ரூட் என்பார்கள். புளித்த மண்ணும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். எவ்வளவு தொழு உரம் போட்டாலும் அது மட்டும் போதாது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, சொல்கிற அளவுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ போடுங்கள். அந்தப் பாத்தியில் சில வருடங்கள் கோஸ் குடும்பமே வேண்டாம். உருளை போடப்போகும் இடத்தில் சுண்ணாம்பைத் தவிர்ப்பது நல்லது, கிழங்கில் சொறி வரும்.

ஜான் ஜீவன்ஸின் 'ஹவ் டு க்ரோ மோர் வெஜிடபிள்ஸ்' சின்ன இடத்துக்கு அருமையான புத்தகம். 1974இல் வந்தது, இன்றும் விற்கிறது. செடிகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதற்காகவே வாங்கலாம். ஆனால் இரண்டு அடி ஆழம் கிளறச் சொல்லும் பகுதியைச் சரிவில் செய்யாதீர்கள், அதுவும் மழைக்கு முன்னால். 2009 நவம்பரில் இந்த மலை எப்படிச் சரிந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். சரிவுக்குக் குறுக்கே படிப்படியாகப் பாத்தி, ஓரத்தில் புல்வரிசை, அது போதும்.

சரி, தமிழில்? நம்மாழ்வாரின் 'உழவுக்கும் உண்டு வரலாறு' படியுங்கள். செய்முறைப் புத்தகம் என்று நினைத்து எடுக்காதீர்கள். ஏன் இந்த வழி என்பதற்கு அது. ஜப்பானிய விவசாயி மசனோபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யும் தமிழில் உண்டு. எனக்குப் பிடித்த புத்தகம், ஆனால் முதல் புத்தகமாகப் பரிந்துரைக்க மாட்டேன். களையை உழுதோ மருந்தடித்தோ ஒழிக்க வேண்டாம் என்று அவர் சொல்வதைக் கேட்டு இங்கே சும்மா விட்டால் ஒரே மழையில் கிக்குயூ புல் பாத்தியை விழுங்கிவிடும்.

சாணம், கோமியம் முதலியவற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா கரைசல்களின் செய்முறைகள் எல்லாத் தமிழ்ப் புத்தகங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 48 மணி நேரத்தில் ஜீவாமிர்தம் தயார் என்பது சமவெளிக் கணக்கு. இங்கே குளிருக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு நாள் விடுங்கள். மூடாக்கையும் கொஞ்சம் யோசித்துத்தான் போட வேண்டும். சில்வர் ஓக் சருகு நன்றாகவே இருக்கும், ஆனால் ஜூலை ஈரத்தில் தடிமனாகப் போட்டால் அடியில் நத்தை குடியேறி நாற்றைத் தின்றுவிடும். உறைபனிக் காலத்திலும் நாற்றுப் பாத்தியில் மூடாக்கை விலக்குவது நல்லது. பகலில் வெயில் வாங்கிய மண் இரவில் அந்தச் சூட்டை மேலே விட்டால்தான் செடிக்கு லாபம்.

வாங்கும் வரிசை கேட்டால், ஹோவர்ட், ஜீவன்ஸ், பிறகு கோல்மன். ஆங்கிலம் சிரமம் என்றால் நம்மாழ்வாரோடு ஆரம்பித்து, மட்கு பற்றிய அத்தியாயங்களை மட்டும் ஹோவர்டில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் காட்டெருமைக்கும் முள்ளம்பன்றிக்கும் என்ன செய்வது என்று இவற்றில் ஒன்றிலும் இருக்காது. புத்தகத்துக்கு முன்னால் வேலிக்குப் பணம் ஒதுக்குங்கள்.