துளை இல்லாத லூசில்

வணக்கம் சார்,

செமி-ஹாலோ கிடார்கள், அதாவது உடல் பாதி கூடாக இருக்கும் மின்கிடார்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். கிப்சன் கம்பெனியின் சாதாரண 335 ஒன்றை வாங்கி வாசித்தால் போதாதா? அதே கிடாரில் ஒரு பிரபலத்தின் பெயரைப் போட்டுக் கூடுதலாகக் காசு பிடுங்குவதுதானே சிக்னேச்சர் மாடல்? இவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் கிடார் ரசிகர்களா, ஆட்டோகிராஃப் ரசிகர்களா?

ர.

அன்புள்ள ர.,

பாதிக்கு மேல் நீங்கள் சொல்வது சரி. நிறத்தை மாற்றி, ஒரு கையெழுத்தைப் பொறித்து, விலையை ஏற்றிய மாடல்கள் நிறைய உண்டு. அவற்றுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆனால் லூசிலை எடுத்துக்கொள்ளுங்கள். புளூஸ் கலைஞர் பி.பி. கிங் தன் கிடார்களுக்கு வைத்த பெயர் அது; அவருடைய சிக்னேச்சர் மாடலுக்கும் அதே பெயர்தான். 1958இல் கிப்சன் கொண்டுவந்த இஎஸ்-335இன் விசேஷமே உடலின் நடுவில் நெடுக ஓடும் மேப்பிள் கட்டைதான். இரண்டு பக்கமும் கூடு, நடுவில் கெட்டி. அதற்கு முந்தைய கூடு கிடார்களை ஆம்ப்ளிஃபயர் முன்னால் சத்தமாக வாசித்தால் ஊளையிடும். இந்தக் கட்டை அந்த ஊளையை அடக்கியது, முழுக்க ஒழிக்கவில்லை. பி.பி. கிங் வாசித்தது அதன் ஆடம்பர அண்ணனான 355. ஊளைத் தொல்லை தாங்காமல் எஃப் வடிவத் துளைகளுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு வாசித்தார் மனிதர். 1980இல் அவருக்கென்று மாடல் போட்டபோது துளையே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். வழுவழுவென்ற அந்த முகப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணிதான் ஞாபகம் வரும். இதை வெறும் பெயர் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் டிரினி லோபஸ். டெக்சாஸ்காரர், அறுபதுகளில் பெரிய பாடகர். 1964இல் அவர் பெயரில் வந்த கிடாரில் எஃப் துளைக்குப் பதில் வைர வடிவத் துளை. தலையில் கம்பிகளை முறுக்கும் ஆறு சாவிகளும் ஒரே பக்கம். கொஞ்சம் கோமாளித்தனமான அழகு, எனக்குப் பிடிக்கும். 1971இல் நிறுத்திவிட்டார்கள். 1967ஆம் வருஷத்துச் சிவப்பு லோபஸ் ஒன்றை 1992இல் வாங்கிய ராக் பாடகர் டேவ் குரோல், தன் இசைக்குழுவான ஃபூ ஃபைட்டர்ஸின் எல்லா ஆல்பத்திலும் அதையே பயன்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறார். 2007இல் கிப்சன் டிஜி-335 என்று நீல நிறத்தில் ஒன்றை வெளியிட்டது. அதே வைரத் துளை, அதே தலை, பெயர் மட்டும் குரோலுடையது. லோபஸின் கையெழுத்தை அழித்து அதன்மேல் இன்னொருவர் கையெழுத்துப் போட்ட மாதிரி. உங்கள் கேள்விக்கு நான் கொஞ்சம் தலைகுனியும் இடம் இது.

கூடு கிடார் சேகரிப்பதில் பெருமை ஒரு பக்கம், அவஸ்தை ஒரு பக்கம். பழையதாக வாங்கிய ஒன்றில் வால்யூம் குமிழைத் திருகினாலே கரகரப்பு. திறந்து பார்க்கலாமென்றால் பின்னால் மூடியே கிடையாது. உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் எஃப் துளை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நூலைக் கட்டி உள்ளே தள்ளிவிட்டு, பழுதானதை மாற்றி, நூலை இழுத்துப் பழைய ஓட்டைக்கே கொண்டுவர வேண்டும். ஒரு நூல் நழுவிவிட்டது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் துழாவுவதுபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துழாவினேன். "கையெழுத்துப் போட்டவரையே கூப்பிட்டிருக்கலாமே" என்றாள் என் மனைவி.

கிடார் ரசிகனா, ஆட்டோகிராஃப் ரசிகனா என்று கேட்டீர்கள். 2005இல் கிங்கின் எண்பதாவது பிறந்தநாளுக்காக 80 லூசில்கள் செய்தார்கள். அதன் முன்மாதிரியை அவரே வைத்து வாசித்துவந்தார். 2009இல் அது திருடுபோனது. லாஸ் வேகஸ் அடகுக்கடை ஒன்றில் சேகரிப்பாளர் ஒருவர் என்ன ஏது என்று தெரியாமலே அதை வாங்கிவிட்டார். விசாரித்தபோதுதான் அது கிங்கின் கிடார் என்று தெரிந்தது. கிங் இறந்து நான்கு வருஷம் கழித்து, 2019இல், அதே கிடார் 2,80,000 டாலருக்கு ஏலம் போனது. ஆனால் 2009இல் அந்தச் சேகரிப்பாளர் நேரில் போய்க் கிங்கிடமே அதைத் திருப்பிக் கொடுத்தார். கிங் பதிலுக்கு இன்னொரு லூசிலை எடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, அவர் கையில் கொடுத்தார்.