"ஒன்றும் புரியவில்லை, ஊருக்கே வந்துவிடுகிறேன்" என்கிறான் தம்பி

கேள்வி: என் தம்பி ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வகுப்பில் எதுவும் புரியவில்லை என்று தினமும் போனில் அழுகிறான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். அழைத்து வந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். தனக்குத் தெரிந்த கணக்கையே தெரியாத பெயர்களில் கேட்டு மிரண்டுபோயிருக்கிறான், அவ்வளவுதான்.

முதலாண்டுக் கணிதத்தில் வரும் மேட்ரிக்ஸ், கால்குலஸ் இரண்டுக்கும் அடிப்படை அவன் பிளஸ் டூவில் போட்ட கணக்குகள்தான். அவனுடைய பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் முதல் பாடமே அணிகளும் (அதாவது மேட்ரிக்ஸ்) அணிக்கோவைகளும்தான். அதன் ஆங்கில வழிப் பதிப்பும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டிலும் பாட வரிசை ஒன்றே. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தினம் ஒரு மணி நேரம் ஒரே கணக்கை இரண்டிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இயற்பியல், வேதியியலுக்கும் இதே வழிதான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். பேச்சு அப்புறம் தானாக வரும், பாடச் சொற்கள்தான் இன்று அவசரம்.

பைதான் என்ற கணினி நிரல் மொழி வேறு விஷயம். பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காத எல்லோருக்குமே அது புதிதுதான், ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும். லேப்டாப் இல்லையென்றால் வகுப்பு முடிந்த பிறகு லேபைப் பயன்படுத்த அனுமதி கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படுகிறான் என்றுதான் நினைக்கிறேன். நம் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுப்பது பெரும்பாலும் இந்தக் கூச்சம்தான்.

செமஸ்டர் நடுவில் கல்லூரியே தரும் இன்டர்னல் மதிப்பெண்ணைப் பற்றி வீட்டில் யாரும் சொல்லியிருக்க வழியில்லை. பிளஸ் டூ போலக் கடைசித் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி (பாடம், தேர்வு விதிகள்) எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அவன் பேட்ச்சுக்கு எந்த ஒழுங்குமுறை, எத்தனை மதிப்பெண் என்று வகுப்பு ஆலோசகரிடம் இந்த வாரமே கேட்கட்டும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். அதனால் மனசு சரியில்லை என்று வாரக்கணக்கில் ஊரில் தங்குவது ஆபத்து. சனி, ஞாயிறு வந்து போகட்டும், தப்பில்லை.

பணக் கவலையும் அவனை அரிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதற்கு மேல் யாராவது பணம் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்காக 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கோடு கல்லூரி அலுவலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம்.