ஃபார்மட் செய்யும் முன்…

கேள்வி: மகளின் ஹால் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தேன். வீட்டில் வந்து செருகினால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக நிற்கின்றன. ஒன்றிரண்டைத் திறந்தும் பார்த்துவிட்டேன். என் அப்பாவின் பழைய போட்டோக்கள் அதில்தான் இருந்தன. ஃபார்மட் செய்துவிடச் சொல்கிறார்கள். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள் அம்மா. அது பென் டிரைவில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். பென் டிரைவின் பிராப்பர்ட்டீஸில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். முன்பு போலவே இருந்தால் அப்பா உள்ளேதான் இருக்கிறார்.

இது கடைக் கணினியிலிருந்து தொற்றிய வைரஸின் வேலையாக இருக்கலாம். இந்த வைரஸ் பெரும்பாலும் எதையும் அழிப்பதில்லை. நிஜ ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். அதை அழுத்தினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். பலருக்குச் சந்தேகமே வராததற்கு அதுதான் காரணம். நீங்கள் திறந்துவிட்டதால் கணினிக்கும் தொற்றியிருக்கலாம். முதலில் அதைச் சுத்தம் செய்வோம். பென் டிரைவைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் (விண்டோஸோடு இலவசமாக வரும் ஆன்டிவைரஸ்) ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரம் போலத் தேடும். விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடுவதால் வைரஸுக்கு ஒளிய இடம் குறைவு.

அப்புறம் பென் டிரைவைச் செருகி, எதையும் திறக்காமல், ரைட் கிளிக் செய்து ஸ்கேன் செய்யுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சில சமயம் எல்லாமே பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். போட்டோக்களை மட்டும் கணினியில் காப்பி செய்யுங்கள். ஃபார்மட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் சர்வீஸ் கடைக்கு ஒரு பெரியவர் இதே நிலையில் வந்தார். ஃபார்மட் செய்து, மேலே வேறு படங்களையும் ஏற்றிவிட்டிருந்தார். காலமான மனைவியின் படங்களில் பாதிகூட மீட்க முடியவில்லை. அவர் முகம் இன்னும் மனதில் நிற்கிறது.

ஆன்டிவைரஸ் வாங்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். கிராக் (காசு கொடுக்காமல் திருட்டுத்தனமாகப் போடும்) மென்பொருளுக்காக யாராவது அதை ஆஃப் செய்யச் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். உங்களுடையது விண்டோஸ் 10 என்றால், அதன் வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. கணினி தாங்குமென்றால் 11-க்கு மாறிவிடுங்கள்.

அடுத்த முறை ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் கடையின் மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். அப்பாவின் படங்கள் இருக்கும் பென் டிரைவ் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.