பழி தீர்த்த பிறகு நாவலில் யார் மிஞ்சுகிறார்கள்?

கேள்வி: நான் ஒரு நாவல் எழுதி வருகிறேன். பாகப்பிரிவினையில் தம்பி போலிப் பத்திரம் தயாரித்து அண்ணனை ஏமாற்றிவிடுகிறான். பல ஆண்டுகள் காத்திருந்து, தம்பியின் வீட்டை ஜப்திக்குக் கொண்டுவந்து அண்ணன் பழி தீர்க்கிறான். படித்த தோழி, “அதன்பிறகு கதையில் உயிரில்லை” என்கிறாள். எங்கே பிசகியது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் எழுதியனுப்பிய சுருக்கத்தில் அண்ணனும் தம்பியும் மட்டுமே இருக்கிறார்கள்; பெற்ற தாய், மனைவிமார், பிள்ளைகள் ஆகியோரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. துரோகமும் செய்யாமல் பழியும் வாங்காமல் இரண்டுக்கும் விலை கொடுப்பவர்கள் அவர்கள்தான் என்பதால், அவர்கள் இல்லாத கதை பழி முடிந்ததும் நின்றுவிடுகிறது.

மகாபாரதத்தில் வரும் துரோணர், துருபதன் பகையை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். மற்றச் சிறுவர்கள் மாவைக் கரைத்துக் கொடுத்த நீரைப் பால் என்று நம்பிக் குடித்து ஆடிய தன் மகன் அசுவத்தாமனைக் கண்டு மனம் வெந்துதான், இளமையில் அரசைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்ன நண்பனிடம் துரோணர் போகிறார். அவன் அவமதித்து அனுப்பியதும், சீடர்களைக் கொண்டு அவனைக் கட்டியிழுத்து வரச்செய்து பாதி நாட்டைப் பறித்துக்கொள்கிறார். துருபதனோ துரோணரைக் கொல்வதற்கென்றே வேள்வி செய்து திருஷ்டத்யும்னனைப் பெறுகிறான். பிறக்கும்போதே அந்தப் பிள்ளைக்குரிய வேலை முடிவாகிவிடுகிறது. ஆனால் மகன் அதை முடிப்பதைப் பார்க்கத் தந்தைக்குக் கொடுத்துவைக்கவில்லை. போரின் 15-ஆம் நாளில், சற்று முன்னதாகவே துரோணர் கையால் துருபதன் மடிந்துவிடுகிறான். துரோணரை வில்லைக் கீழே வைக்கச் செய்ததும் “அசுவத்தாமன் இறந்தான்” என்ற பொய்ச் சொல்தான். எந்த மகன்மேல் வைத்த பாசத்தில் பகை தொடங்கியதோ, அந்தப் பாசமே அவரைக் கொல்லும் கருவியாகிவிடுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

பின்பு அசுவத்தாமன் இரவில் பாசறைக்குள் புகுந்து, திருஷ்டத்யும்னனோடு, துருபதன் மகள் திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொல்கிறான். பாகவதத்தில், அவனைக் கட்டிக்கொண்டுவந்து நிறுத்தியபோது திரௌபதி அவனை விட்டுவிடச் சொல்கிறாள். பிள்ளைகளை இழந்து தான் அழுவதுபோல அவனைப் பெற்ற கிருபியும் அழ வேண்டாம் என்கிறாள். தகப்பன், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என எல்லோரையும் இழந்த ஒருத்தி எதிரியின் தாயை நினைக்கும் அந்த இடத்தில், கதை பழியைத் தாண்டி நடக்கிறது.

உங்கள் நாவலில் அத்தகைய இடங்களுக்கு வாய்ப்பு நிறையவே இருக்கிறது. ஜப்தி நாளன்று பாத்திர பண்டங்களைத் திண்ணையில் இறக்கிவைக்கும்போது, அண்ணன் தோளில் தூக்கி வளர்த்த தம்பி மகள் அவனைப் “பெரியப்பா” என்று கூப்பிடுவாளா, முகத்தைத் திருப்பிக்கொள்வாளா? தாய் யார் வீட்டில் சாப்பிடுவாள்? பல குடும்பங்களில் தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைப்பது வழக்கம். அந்தத் தாய் இறந்தால், தான் வீதிக்குக் கொண்டுவந்த தம்பி கொள்ளிச்சட்டியோடு முன்னே நடக்க, அண்ணன் பின்னால் போக வேண்டியிருக்கும். அந்த நடையை விரிவாக எழுதுங்கள்.

அண்ணனின் கோபத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அவனுக்கு நடந்தது அநியாயம்தான், வாசகர் அவன் பக்கம் நிற்கட்டும். ஜப்தி அத்தியாயத்தை மட்டும் கடைசியிலிருந்து எடுத்து நாவலின் நடுவில் வையுங்கள். மீதிப் பாதியை அந்தத் தம்பி மகளின் கண் வழியாக எழுதிப் பார்த்துவிட்டு, உங்கள் தோழியிடம் மறுபடியும் கொடுங்கள்.