உள்ளே அளந்து மேற்பரப்பை அறிதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சூடேற்றிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் ஒரு முகத்தை நீரால் குளிர்வித்து, 10 மி.மீ. ஆழத்தில் தெர்மோகப்பிள் (கம்பி வடிவ வெப்பநிலை உணரி) காட்டிய வெப்பநிலையிலிருந்து மேற்பரப்பு வெப்பப் பாயத்தை (ஒரு சதுர மீட்டர் வழியே நொடிக்குப் பாயும் வெப்பத்தை) கணக்கிடுகிறேன். கால இடைவெளியைக் குறைக்கக் குறைக்க விடை தாறுமாறாக ஏறி இறங்குகிறதே, ஏன்?

பதில்: மேற்பரப்பு நிலையிலிருந்து உள் வெப்பநிலையைக் காணும் நேர்க் கணக்கில் துல்லியத்தைக் கூட்டும் சிறிய கால இடைவெளி, உள் வெப்பநிலையிலிருந்து மேற்பரப்பைக் காணும் நேர்மாறுக் கணக்கில் அளவீட்டுப் பிழையைப் பெருக்கிவிடுகிறது. மேற்பரப்பின் விரைவான மாற்றங்கள் உலோகத்துக்குள் செல்லச் செல்லத் தேய்ந்து மறைகின்றன. இவ்வகை எஃகின் வெப்பப் பரவுதிறன் (வெப்பநிலை மாற்றம் உள்ளே பரவும் வேகத்தின் அளவு) நொடிக்கு ஏறத்தாழ 4 சதுர மி.மீ. என்பதால், மேற்பரப்பு வெப்பநிலை நொடிக்கொரு முறை 100 டிகிரி வீச்சில் அலைந்தாலும், 10 மி.மீ. ஆழத்தில் அது 0.02 டிகிரியைக்கூட எட்டாது. தெர்மோகப்பிளின் இரைச்சல் (அளவீட்டில் வரும் தற்செயலான ஏற்ற இறக்கம்) பொதுவாக இதைவிட அதிகம். அதே அலைவு 2 மி.மீ. ஆழத்தில் ஏறத்தாழ 17 டிகிரியாக எஞ்சும். எனவே கணிப்பு முறையை மாற்றுவதற்கு முன் தெர்மோகப்பிளை மேற்பரப்புக்கு அருகில் கொண்டுவாருங்கள். துளையை மேற்பரப்புக்கு இணையாக இட்டால் கம்பி வழியே வெப்பம் கசிவது குறையும். அதன் பிறகு, ஒவ்வொரு நேரத்தின் பாயத்தையும், அதற்கடுத்த நேரங்களின் சில அளவீடுகளையும் பயன்படுத்திக் கணிக்கும் பெக் முறை நன்கு பயன்படும்.

கேள்வி: தகட்டின் பின்புறத்தை வெப்பம் கடவாத எல்லையாகக் கொள்ளலாமா?

பதில்: இதைத்தான் பலரும் யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள். 900 டிகிரி செல்சியசில் உள்ள, 0.8 வெளிவிடுதிறன் (முழுக் கரும்பொருளோடு ஒப்பிடும்போது கதிர்வீச்சை வெளிவிடும் விகிதம்) கொண்ட திறந்த பின்புறம், கதிர்வீச்சால் மட்டுமே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 85,000 வாட் இழக்கும். முன்புறத்தில் நீர் நேரடியாகத் தொட்டுக் கொதிக்கும்போது பாயம் பத்து இலட்சம் வாட்டைத் தாண்டுவதால் அந்த இழப்பு சிறியது. ஆனால் ஆவிப் படலம் மேற்பரப்பை மூடியிருக்கும் தொடக்கக் கட்டத்தில் இரண்டும் ஒப்பிடத்தக்க அளவில் இருக்கும். அப்போது பின்புற இழப்பையும் கணக்கு முன்புறத்தின் தலையில் கட்டிவிடும். ஒரே தெர்மோகப்பிள் இருக்கும்போது, எல்லை நிபந்தனை (தகட்டின் விளிம்பில் வெப்பம் எவ்வாறு நடக்கிறது என்று நாம் கொள்வது) தவறாக இருந்தாலும் கணித்த வெப்பநிலை அளந்ததோடு அழகாகப் பொருந்திவிடும் என்பதே இதில் மிகவும் கவலைக்குரியது. பொருத்தத்தைப் பார்த்துத் தவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. பின்புறத்தில் இரண்டாவது தெர்மோகப்பிள் வைத்து, அது காட்டும் வெப்பநிலையையே எல்லை நிபந்தனையாகக் கொடுங்கள். அனுமானத்துக்கே தேவை இராது.

கேள்வி: வெப்பநிலை அளவீடுகளைக் கொண்டே கடத்துதிறனையும் பாயத்தையும் சேர்த்துக் காண முடியுமா?

பதில்: முடியாது. கடத்துதிறன், கன அளவுக்கான வெப்ப ஏற்புத்திறன், பாயம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் வெப்பநிலை மாறாது. பரவுதிறனை மட்டுமே பெறலாம். கடத்துதிறன் தனியாக வேண்டுமெனில், ஏதேனும் ஓர் எல்லையில் பாயத்தின் அளவோ, வெப்ப ஏற்புத்திறனோ தெரிந்திருக்க வேண்டும். பாயத்தை அறிய மின்சூடேற்றியின் வாட் அளவு போதும்.

கேள்வி: விடையின் தாறுமாறான அலைவைக் கட்டுப்படுத்தும் டிக்கோனாவ் முறையில், அந்தக் கட்டுப்பாட்டின் அளவைக் குறிக்கும் அளபுருவை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

பதில்: கணித்ததற்கும் அளந்ததற்கும் உள்ள வேறுபாடு அளவீட்டு இரைச்சலின் அளவுக்குச் சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள்; அதைவிட நெருக்கமாகப் பொருத்தினால் இரைச்சலையே பாயமாக எழுதுகிறீர்கள். நிரலைச் சோதிக்கத் தெரிந்த பாயத்திலிருந்து செயற்கைத் தரவை உருவாக்கும்போது, அதற்கு வேறொரு நுண்ணிய வலைப்பின்னலை (தகட்டைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணிப்புக் கட்டத்தை) பயன்படுத்தி இரைச்சலையும் சேருங்கள்.