எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கு ஓராண்டுக்கான 'தீம்' பாடத்திட்டத்தை எப்படிப் போடுவது?

கேட்டிருப்பவர் ஒரு சிறிய ஊர்ப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. தீம் என்றால் சில நாட்களுக்கு ஒரே பொருளைச் சுற்றிப் பாட்டு, கதை, விளையாட்டு எல்லாவற்றையும் அமைப்பது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் ஆண்டு முழுமைக்கும் தீம் பட்டியல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். இணையத்தில் எடுத்த பட்டியலில் வசந்தம், பனிக்காலம், பண்ணை விலங்குகள், டைனோசர் என்று வரிசையாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா, விற்பனைக்கு இருக்கும் பிளானர் (ஆண்டுத் திட்டம் தயாராகப் போட்ட புத்தகம்) ஏதாவது வாங்கலாமா என்கிறார்.

அந்தப் பட்டியல் வேண்டாம். நான் மன்னார்குடிப் பக்கம் மழலையர் வகுப்புகளை ரொம்ப வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் கணக்கில்தான் சொல்லப் போகிறேன். உங்கள் ஊர் பொள்ளாச்சியோ தூத்துக்குடியோ என்றால் பொருள்கள் மாறும், போடும் முறை அதேதான்.

தீமைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தினசரி காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 45 வாரம் வரும். காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, தீபாவளி, பொங்கல், ஆண்டு விழா ஒத்திகை, பிள்ளைகள் அழுது அடங்கும் முதல் இரண்டு வாரம் எல்லாம் கழித்தால் கையில் 35 வாரம் நின்றால் பெரிது. ஒரு தீமுக்கு மூன்று வாரம் என்று வைத்தால் பத்து தீம், மீதி ஐந்து வாரம் காலி. அந்த ஐந்தைக் காலியாகவே விடுங்கள். டெல்டாவில் இருப்பவர்களுக்கு அதில் பாதியை மழை விடுமுறையே விழுங்கிவிடும்.

ஏன் மூன்று வாரம்? வாரம் ஒரு தீம் என்று ஓடுகிற பள்ளிகள் உண்டு. திங்கள்கிழமை சொன்னதை வியாழக்கிழமைதான் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லி, அம்மாவிடம் ஏதோ கேட்டு, மறுநாள் ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு வரும். அன்றோடு அந்த தீமே முடிந்துவிடும், திங்கள்கிழமை வந்தால் வேறு தீம். மாதம் முழுக்க ஒன்றே என்றால் பிள்ளைகளுக்கு முன்னால் நமக்குச் சலித்துவிடும்.

தீமைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று. இந்த மாதத்தில், இந்த ஊரில், இது பிள்ளையின் கைக்கு எட்டுமா? எட்டாது என்றால் அது எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். நாலு பருவம் என்று பனிமனிதனை பஞ்சு ஒட்டிச் செய்ய வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். நமக்கு ஆடிக் காற்று இருக்கிறது, ஐப்பசி அடைமழை இருக்கிறது, மார்கழிப் பனி இருக்கிறது, சித்திரை வெயில் இருக்கிறது. அதற்கு மேல் என்ன பருவம் வேண்டும்?

பழங்கள் என்ற தீமை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பட்டியலிலும் இருக்கும், எல்லாப் பள்ளியிலும் ஆப்பிள் படத்துக்குச் சிவப்பு அடிப்பதோடு முடியும். நம்மூரில் மாம்பழம் கொட்டுவது பள்ளி விடுமுறையில். ஜூன் கடைசியில் தெருவில் தள்ளுவண்டியில் வருவது நாவற்பழம். அரைக் கிலோ வாங்கி, நன்றாகக் கழுவி, கொட்டையை எடுத்துவிட்டு வகுப்பில் வையுங்கள். ஆளுக்கு இரண்டு. தின்றபின் ஒரு கண்ணாடியைச் சுற்றில் விடுங்கள். "மிஸ், என் நாக்கப் பாருங்க!" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்கு நீங்கள் எதுவும் நடத்தவே வேண்டாம். யார் நாக்கு அதிக ஊதா, யாருடையது வெளிர் ஊதா என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் வரிசையில் நிறுத்துவார்கள். அடர்த்தி குறைவு, அடர்த்தி அதிகம் என்று அடுக்குவதுதான் கணக்குக்கு முன்னால் வர வேண்டிய கணக்கு. எடுத்து வைத்த கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லலாம். மிச்சமிருக்கும் பழத்தை வெள்ளைத் துணியில் நசுக்கி, அந்தக் கறையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா சிவப்புப் பக்கம் திரும்பும். அமிலம், காரம் என்றெல்லாம் பேச வேண்டியதில்லை. "இன்னொரு சொட்டு விடுங்க மிஸ்" என்று கேட்டாலே போதும்.

ஆடி மாதத்துக்குக் காற்றும் தண்ணீரும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். திறக்கிற வருடங்களில் ஜூலையில் எங்கள் பக்கத்து வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும். பிள்ளைகளை வாய்க்காலுக்குக் கூட்டிப் போகாதீர்கள், அந்தப் பொறுப்பு எந்த ஆசிரியைக்கும் வேண்டாம். ஒரு அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி எது மிதக்கும், எது முங்கும் என்று பார்த்தால் போதும். ஆடிப்பெருக்குக்கு எங்கள் ஊர்ப் பக்கம் சின்னச் சப்பரம் கட்டி இழுப்பது பிள்ளைகளின் வேலை. பழைய அட்டைப் பெட்டியும் பாட்டில் மூடிச் சக்கரமும் வைத்து வகுப்பிலேயே கட்டி, பள்ளியைச் சுற்றி ஒருமுறை இழுத்தால் தண்ணீர் தீம் அங்கேயே நிறைவாக முடிந்துவிடும்.

பண்டிகைகளைத் தனித் தனித் தீமாகப் போட வேண்டாம் என்பது என் கருத்து. போட்டால் ஆண்டில் பாதி அலங்காரத்திலேயே போய்விடும். அதோடு எந்தப் பண்டிகைக்கு எத்தனை நாள் என்ற பஞ்சாயத்து வேறு. நான் 'வெளிச்சமும் நிழலும்' என்று ஒரு தீமைக் கார்த்திகை, மார்கழியில் வைப்பேன். கார்த்திகை அகல் விளக்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் அதற்குள்ளேயே வந்துவிடும். நடுவில் டார்ச் லைட்டும் வெள்ளைத் திரையும் வைத்து நிழல் ஆட்டம். ரம்ஜான், பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். போன வருடத் தாளை அப்படியே நகல் எடுத்தால் இங்கேதான் இடிக்கும். அந்தந்த வருடம் அது எந்த தீமுக்குள் விழுகிறதோ, அங்கே பிறைநிலாவோ விருந்தோ பகிர்ந்து சாப்பிடுவதோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த தீம் அதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நவம்பரில் வைத்தால் தப்பாது. வாய் அகன்ற பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாக மேலே செருகிவிட்டால் மழைமானி தயார். கூரையோ மரமோ இல்லாத திறந்த இடத்தில், சாயாமல் இருக்கச் சுற்றிலும் செங்கல் வைத்து நிறுத்துங்கள். தினமும் காலையில் இரண்டு பிள்ளைகள் போய், தண்ணீர் நிற்கும் உயரத்துக்கு ஒரு நீலக் காகிதப் பட்டையை வைத்துப் பார்த்து வெட்டி வர வேண்டும். அதைச் சுவரிலுள்ள தாளில் தேதிக்கு நேராக ஒட்டி, பாட்டிலைக் கவிழ்த்துவிட வேண்டும். சென்டிமீட்டர் எதுவும் வேண்டாம். ஒரு வாரத்தில் உயரமும் குட்டையுமாகப் பட்டைகள் வரிசையில் நிற்கும். எந்த நாள் பெரிய மழை என்று எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை விரலை வைத்துக் காட்டும். மழையே பெய்யாத அன்று என்ன ஒட்டுவது என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள், அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். யு.கே.ஜி.க்குப் பூஜ்யத்தைச் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நத்தை, மண்புழு, தவளை வந்தால் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, வந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுவது தனிப் பாடம்.

நெல்லை மட்டும் ஆண்டில் இரண்டு முறை தொடுவேன். சம்பா நடவு நடக்கும் செப்டம்பர், அக்டோபரில் ஒரு வாரம், தொட்டியில் விதைத்து முளைக்க விடுவதற்கு. அப்புறம் பொங்கலை ஒட்டி அறுவடைக்கு மூன்று வாரம். பச்சையாகப் பார்த்ததைப் பிள்ளை மஞ்சளாகப் பார்க்க வேண்டும். நெல்லை உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, உமி பறப்பதைப் பார்க்க வைக்க எங்கள் ஆயாம்மாவை விட்டால் ஆள் கிடையாது. அன்றைக்கு அவர்தான் மிஸ், நாங்கள் உதவியாளர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் மாதம் 'நானும் என் பள்ளியும்', செப்டம்பரில் உடம்பும் உணவும், பிப்ரவரியில் கடைத்தெரு, மார்ச்சில் வண்டி வாகனம், ஏப்ரலில் வெயில், நுங்கு, மண்பானைத் தண்ணீர். மிச்சத்தை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பலர் தீம் பட்டியலைப் போட்டவுடன் பாடத்திட்டம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். தீம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறும், திறன்கள் அப்படி மாறாது. பேசுவது, கேட்பது, எண்ணுவது, அடுக்குவது, விரலுக்கு வலு சேர்ப்பது, முறை வரும்வரை காத்திருப்பது, கோபம் வந்தால் கடிக்காமல் வாயால் சொல்வது எல்லாம் ஜூனிலிருந்து ஏப்ரல் வரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போக வேண்டியவை. ஆகவே தாளில் இரண்டு வரிசை போடுங்கள். மேல் வரிசையில் தீம். கீழ் வரிசையில் அந்த மாதம் பிள்ளை எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பது. நீங்கள் சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் 2022 அக்டோபரில் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தில் (பிள்ளைகள் என்ன கற்க வேண்டும் என்று சொல்லும் தேசிய அளவிலான வழிகாட்டி) மூன்று முதல் எட்டு வயது வரைக்கும் 13 இலக்குகள் இருக்கின்றன. கீழ் வரிசைக்கு அதைப் பயன்படுத்தலாம். வேறு வாரியம் என்றாலும் படித்துப் பார்ப்பதில் தவறில்லை. அதைச் சுற்றியுள்ள அரசியல் வேறு, ஒரு நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன தேவை என்ற பட்டியல் வேறு.

எழுத்துகளைத் தீமுக்குக் கட்டிப் போடாதீர்கள். யானை தீம் வந்தால் 'யா', மழை வந்தால் 'ழை' என்று போனால் பிள்ளை தலைசுற்றிப் போகும். எழுத்து அதன் போக்கில், கைக்கு எளிதானதிலிருந்து போகட்டும். 'ட', 'ப' இரண்டும் நேர்கோடுகள், பக்கத்திலேயே 'ம'. 'அ', 'இ' எல்லாம் அந்த வயது விரலுக்குப் பெரிய வளைவு. சில சமயம் தானாகவே இரண்டும் சந்திக்கும். ஆடிக் காற்றில் பட்டம் செய்கிற வாரத்தில் ட, ப, ம மூன்றும் தெரிந்திருந்தால், 'பட்டம்' என்ற சொல்லில் புள்ளி வைத்த எழுத்தை மட்டும் நாம் சொல்லிக் கொடுத்தால் போதும், பிள்ளை தானே வாசித்துவிடும். அப்படி வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வலிந்து இழுக்க வேண்டாம்.

உங்கள் பள்ளியில் மாண்டிசோரி சாமான்கள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தியதிலிருந்து நம் பக்கம் அந்த முறைக்குத் தனி மதிப்பு. அதில் மாதாந்தர தீம் என்பது கிடையாது. சாமான்கள் ஆண்டு முழுக்க அலமாரியில் இருக்கும், பிள்ளை தன் வேகத்தில் எடுத்துச் செய்யும். அந்த அலமாரியைத் தீமுக்காகக் கலைக்காதீர்கள். தீமுக்கு வேறு மூலை ஒதுக்குங்கள்.

சாமான்களுக்குப் பெரிய செலவு ஆகாது. ஒவ்வொரு தீம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் கொட்டாங்குச்சி, பழைய துணி, அட்டைப் பெட்டி, பனையோலை என்று வந்து குவியும். புளியங்கொட்டை, பட்டாணி, மணி மட்டும் கவனம். மூக்கில் போட்டுக்கொள்ளாத எல்.கே.ஜி. வகுப்பு உலகத்திலேயே கிடையாது. எல்.கே.ஜி.க்குப் பெரிய பாட்டில் மூடியே போதும். மஞ்சள் நாள், சிவப்பு நாள் என்று அதே நிறச் சட்டை வாங்கி வரச் சொல்வதை உங்களால் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். ஒரு போட்டோவுக்காக வீட்டில் ஐந்நூறு ரூபாய் செலவு.

தாளில் எவ்வளவு எழுதுவது? ஆண்டுக்கு ஒரே ஒரு பெரிய தாள், பத்து தீமும் கீழ் வரிசையும் மட்டும். நாள்வாரியான திட்டம் வரப்போகும் மூன்று வாரத்துக்கு மட்டும். மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை என்ன பாட்டு என்று இப்போதே எழுதினால், அதை யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. மேலிடம் முழுசாகக் கேட்டால், முதல் இரண்டு தீமை மட்டும் விரிவாக எழுதிக் காட்டி, மற்றவை இதே அமைப்பில் வரும் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தீம் முடிந்ததும் எது ஓடியது, எது படுத்தது என்று அதே தாளின் பின்பக்கம் நாலு வரி எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டுப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியாக, பிளானர் வாங்குவது பற்றி. அதில் உள்ள விளையாட்டுகளுக்காக வாங்கலாம், மாத வரிசைக்காக வேண்டாம். அதற்கு முன் பக்கத்து அங்கன்வாடிக்கு ஒருநாள் போய் உட்காருங்கள். நம் மாநில அங்கன்வாடிகளில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று தீம் அடிப்படையிலான பாடத்திட்டம் நடக்கிறது. பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் தமிழிலேயே இருக்கிறது. அங்குள்ள டீச்சரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார், எது பிள்ளைகளிடம் எடுபடும், எது எடுபடாது என்பதையும் சேர்த்தே சொல்வார்.