சாய்ந்த கார் ஷெட் சுவருக்கு நகைக்கடனைக் கூட்டலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் சொந்த வீடு, சம்பளம் 48,000 ரூபாய். கார் ஷெட்டின் பக்கச் சுவர் நடுவில் உப்பி, வெளிப்பக்கமாகச் சாய்கிறது. கூரைத் தண்ணீர் அந்தச் சுவரோரம்தான் விழும். இடித்துக் கட்ட ஒன்றரை லட்சம் கேட்கிறார் கொத்தனார். ‘அப்படியே மேலே ஒரு ரூம் போட்டு வாடகைக்கு விடு, மொத்தமே 5 லட்சம்தான்’ என்கிறார் மச்சான். அக்கா மகள் சடங்குச் சீருக்காக 2021-ல் வைத்த நகைக்கடன், சின்னவன் காதுகுத்தும் சேர்ந்து இப்போது 3.5 லட்சம். வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பிக்கிறேன். தங்கம் ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் 5 லட்சம் தருவார்களாம். எடுக்கலாமா? எஃப்டி 1.2 லட்சம் இருக்கிறது. மாதம் 5,000 டிஜிட்டல் தங்கத்தில் போடுகிறேன். தையில் அக்கா வீட்டுப் பால்காய்ப்புக்கும் சீர் செய்ய வேண்டும்.

பதில்: எடுக்காதீர்கள். உங்களைச் சாய்ப்பது சுவர் இல்லை, அந்தப் புதுப்பித்தல்தான். 3.5 லட்சத்துக்கு 9% என்றாலும் வருடம் 31,500 போகிறது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. தங்கம் ஏறும்போதெல்லாம் கடனும் ஏறினால், அந்த ஏற்றத்தில் உங்களுக்கு என்ன மிச்சம்?

மேல் ரூம் கணக்கைப் பாருங்கள். புது 5 லட்சத்துக்கு வட்டி மட்டும் வருடம் 45,000. ஒற்றை ரூமுக்கு மாதம் 3,500 வாடகை, 12 மாதமும் ஆள் இருந்தாலும் 42,000. வெள்ளையடிக்கும் முன்பே நஷ்டம். மச்சான் பாதிப் பணம் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள், யோசனை தானாக அடங்கிவிடும்.

சுவருக்கு வருவோம். உங்கள் பக்கம் கரிசல் மண் அதிகம். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் கூரைத் தண்ணீரும் அஸ்திவாரத்தில் இறங்கினால் சுவர் எப்படி நேராக நிற்கும்? அதே அஸ்திவாரத்தில் திரும்பக் கட்டினால் திரும்பச் சாயும். அதன்மேல் ரூம் என்பது வினை. கொத்தனாருக்கு முன்னால் ஒரு சிவில் இன்ஜினீயரிடம் காட்டுங்கள், சில ஆயிரம் ஆகும். கார் நிறுத்த செங்கல் சுவர்தான் வேண்டுமா என்றும் அவரிடம் கேளுங்கள். கூரைக்கு முட்டுக் கொடுத்துச் சுவரை இறக்கிவிட்டு, இரும்புக் குழாய்க் கால்கள் நட்டு, தகரம் அடித்து, மழைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளி விட்டால் 70, 80 ஆயிரத்துக்குள் முடிய வாய்ப்பு உண்டு. எஃப்டியை உடையுங்கள். அவசரத்துக்கு என்றுதானே வைத்திருக்கிறீர்கள், இதுதான் அவசரம். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடியட்டும். அதுவரை காரும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

டிஜிட்டல் தங்கத்தை நிறுத்துங்கள். சொந்த நகை அடகில் இருக்க, 3% ஜிஎஸ்டி கட்டி செயலியில் தங்கம் வாங்குவது எனக்குப் புரியவே இல்லை. அது தன் கண்காணிப்பில் வராத பொருள் என்று 2025 நவம்பரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்திருக்கிறது. அந்த 5,000-த்தோடு 7,000 சேர்த்து மாதம் 12,000 நகைக்கடனில் கட்டுங்கள். பெரும்பாலான வங்கிகள் அசலில் பகுதி பகுதியாக வாங்கிக்கொள்ளும். சுமார் இரண்டே முக்கால் வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

பால்காய்ப்புச் சீரைக் கையில் இருக்கிற பணத்துக்குள் செய்யுங்கள். மொய் நோட்டில் அக்கா வீட்டார் உங்களுக்குச் செய்தது எவ்வளவு என்று இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். அக்காவிடம் நீங்களே போய், அவர்கள் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.